புதராகிப்போன பூச்செடிகளை மீட்கும் கவாத்து: பெங்களூரு கொல்லைப்புறத்துக்கு

நாலைந்து வருடம் கத்தரி படாத செம்பருத்தி எப்படி நிற்கும் என்பது பெங்களூருவில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உச்சி முதல்மாடி ஜன்னலைத் தொடும். பூவெல்லாம் மொட்டைமாடியிலிருந்து பறிக்கும் உயரத்தில் இருக்கும். கீழே இடுப்பளவு வரை ஓர் இலைகூட இல்லாமல் சாம்பல் நிறக் குச்சிகள். பக்கத்தில் நந்தியாவட்டையும் அரளியும் அதன் மேல் சாய்ந்து, நடுவில் மல்லிக்கொடி ஏறி, எது எந்தச் செடி என்றே தெரியாது. இந்த நிலையில் பலரும் வேலி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து மேல்மட்டத்தைச் சமமாக வெட்டிவிடுகிறார்கள். ஒரு மாதம் பார்க்க அழகாக இருக்கும். பிறகு முன்பைவிட மோசமாகும்.

காரணம் வெளிச்சம். கிளை நுனியில் இருக்கும் மொட்டு, தனக்குக் கீழே உள்ள கணுக்களைத் துளிர்க்க விடாமல் அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழே இருக்கும் மூன்று நான்கு கணுக்கள் மட்டும் துளிர்க்கும். ஒரு கிளை இருந்த இடத்தில் நான்கு கிளை, அதுவும் எல்லாம் உச்சியில். குடை இன்னும் அடர்த்தியாகும். அடியில் வெயிலே விழாது. வெயில் விழாத கிளையை செடி கைவிடும். அதனால் புதரை மீட்கும் வேலை தூரில் தொடங்க வேண்டும். பழைய தண்டுகளில் சிலவற்றை அடியோடு எடுத்து, நடுவில் வெளிச்சத்தை இறக்கினால்தான் கீழிருந்து புதுத் தண்டு கிளம்பும். உயரத்தைக் குறைப்பது அதற்குப் பிறகு.

எப்போது வெட்டுவது

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை, மதுரைக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்குவதால் செடிகள் மந்தமாக இருக்கும். மழையில் செப்டம்பர், அக்டோபர்தான் கனமான மாதங்கள். அதனால் கடுமையான கவாத்துக்கு இங்கே நல்ல காலம் ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும் வரை. காற்று வறண்டிருப்பதால் வெட்டுவாய் சீக்கிரம் காயும். மார்ச்சில் வெப்பம் ஏறும்போது துளிர் வேகமாக வரும். மே மாதக் கோடைமழை கிடைக்கும்போது செடி இலை கட்டியிருக்கும். இரண்டாவது வாய்ப்பு ஜூன், முதல் மழைகள் இறங்கியபின்.

ஞாபகம் வைத்துக்கொள்ள எளிய வழி: லால்பாக்கில் குடியரசு தின மலர்க்காட்சி முடிந்ததும் கத்தரியை எடுங்கள், ஆகஸ்டில் சுதந்திர தின மலர்க்காட்சி வரும்போது கடும் கவாத்தை நிறுத்திவிடுங்கள். அதற்குப்பின் தடித்த தண்டை வெட்டினால் செப்டம்பர் மழையில் வெட்டுவாய் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும், பூஞ்சணம் இறங்கி நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வரும். ஏப்ரலையும் தவிர்க்கலாம். திடீரென்று இலை இழந்த தண்டின் பட்டை உச்சிவெயிலில் வெடிக்கும், அதே சமயம் போர்வெல்லும் கையை விரிக்கும்.

கருவிகள்

மூன்று போதும். கவாத்துக் கத்தரி சுண்டுவிரல் தடிமன் வரை, அதாவது 1.5 செ.மீ. வரை. அதிலும் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் வகையை வாங்குங்கள். கத்தி ஒரு தட்டையான பட்டையின் மேல் இறங்கும் வகை, பச்சைத் தண்டை நசுக்கிவிடும். அதற்குமேல் 3.5 செ.மீ. வரை நீளக் கைப்பிடி உள்ள கிளைவெட்டி. அதையும் தாண்டினால் மடக்கு ரம்பம். சின்னக் கத்தரியைத் தடித்த தண்டில் வைத்து முறுக்கினால் தண்டும் கிழியும், கத்தரியின் ஆணியும் ஆடும். அரிவாள் வேண்டவே வேண்டாம். அது வெட்டுவதைவிடப் பிளப்பதே அதிகம், பிளந்த இடத்தில் தண்ணீர் தங்கும்.

ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் அலகை ஸ்பிரிட் அல்லது கை கழுவும் சானிடைசர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். நோயுள்ள கிளை என்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில்.

கை வைக்கும்முன்

நீளக் கம்பால் புதரைத் தட்டி, ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். எலி இருக்கும் இடத்துக்குச் சாரையும் வரும், நாகமும் வரும். தரையை ஒட்டிய பகுதியில் வெறுங்கையை விடாதீர்கள். முழுக்காலணி, தோல் கையுறை அவசியம். குளவிக்கூடு இருக்கிறதா என்று மேலேயும் பாருங்கள். தேன்சிட்டின் தொங்கு கூடு, இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்துத் தைத்த தையல்சிட்டின் கூடு, கொண்டைக்குருவியின் கிண்ணக்கூடு எல்லாமே இப்படிப்பட்ட புதர்களில்தான் இருக்கும். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தச் செடியை மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். செடி காத்திருக்கும்.

கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் ரம்பத்தை எடுக்காமல் பெஸ்காமுக்கு (பெங்களூரு மின்விநியோக நிறுவனம்) சொல்லுங்கள். செண்பகம், வளர்ந்த பவழமல்லி போல மரமாகிவிட்டதை அடியோடு வெட்டுவது தனி விஷயம். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த இடத்திலும் மரம் வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும்.

வெட்டும் முறை

முதலில் காய்ந்ததை எடுங்கள். எது காய்ந்தது என்று சந்தேகமாக இருந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு, பழுப்பாக இருந்தால் இல்லை. அடுத்து நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, நடுவை நோக்கித் திரும்பியது. இதை மட்டும் செய்தாலே புதரில் பெரும் பாரம் குறைந்துவிடும். இந்த இடத்தில் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். அதன் பிறகுதான் உயிருள்ள தண்டுகளில் கைவைப்பது.

தூரில் எத்தனை தண்டு என்று எண்ணுங்கள். மிகப் பழையதாகவும் தடித்ததாகவும் இருக்கும் மூன்றில் ஒரு பங்கை, தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். ஒன்பது தண்டு இருந்தால் மூன்று. அடுத்த ஆண்டு இன்னும் மூன்று, அதற்கடுத்த ஆண்டு மீதி மூன்று. மூன்று ஆண்டில் செடி முழுக்கப் புதுத் தண்டில் நிற்கும்; இடையில் ஒரு வருடமும் பூ நிற்காது. ஒரேயடியாக மொட்டையடிக்க வேண்டும் என்று அவசரப்படுபவர்களுக்கும் இந்த முறையையே சொல்வோம். முழு மொட்டையைத் தாங்கும் செடிகளும் உண்டு, அவை பின்னால் வருகின்றன.

வெட்டின் இடம் முக்கியம். தாய்த் தண்டிலிருந்து கிளை பிரியும் இடத்தில் மோதிரம்போல் சற்றுப் புடைத்திருக்கும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும். அந்தப் புடைப்பு தண்டோடு நிற்கும்படி, அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். புடைப்பையும் சேர்த்து வழித்தெடுத்தால் காயம் மூடாது. மாறாக 5 செ.மீ. குச்சியை நீட்டிக்கொண்டு விட்டால், சாறு போகாமல் அது காய்ந்து, கரையானுக்கும் பூஞ்சணத்துக்கும் வாசலாகும். கிளையின் நடுவில் வெட்டுவதானால், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு அரை செ.மீ. மேலே, தண்ணீர் கணுவுக்கு எதிர்ப்பக்கம் வடியும்படி சாய்வாக வெட்டுங்கள். புதுக்கிளை கணு பார்க்கும் திசையில்தான் போகும். உள்பக்கக் கணுவில் வெட்டினால் மறுபடியும் நடு அடையும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பாதியில் முறிந்து, தண்டின் பட்டையை நெடுக உரித்துக்கொண்டு விழும். முதல் வெட்டு தாய்த் தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து கால்பங்கு ஆழம். இரண்டாவது அதற்கு 5 செ.மீ. வெளியே, மேலிருந்து, கிளை பட்டை உரியாமல் விழும். மூன்றாவது, மீந்த குச்சியைப் புடைப்புக்கு வெளியே ரம்பத்தால் அறுப்பது.

விரல் தடிமன் வெட்டுக்கு மருந்து எதுவும் தேவையில்லை, காற்றே போதும். 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட வெட்டுக்கும், ஜூனில் வெட்டும் எல்லாத் தடித்த தண்டுக்கும் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது வாளியில் ஊற்றிக் கலக்குங்கள். வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்பை மயில்துத்தம் அரிக்கும். தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் ஏறக்கூடாது. ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றன்று கலக்கியதை அன்றே பயன்படுத்த வேண்டும்.

செடிக்குச் செடி

செம்பருத்தி (நர்சரியில் தாசவாளா என்று கேளுங்கள்) புதுத் துளிரில் பூப்பது. அதனால் பயமில்லாமல் வெட்டலாம். மூன்றில் ஒரு பங்குத் தண்டை அடியில் எடுத்தபின், மீதியை உங்கள் நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். பூ திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். இதன் பெரிய எதிரி மாவுப்பூச்சி. கவாத்துக்குப்பின் வரும் இளந்துளிரில்தான் அது கூட்டமாக ஏறும், துளிர் சுருண்டு முட்டைகோஸ் மாதிரி நிற்கும். சுருண்ட நுனியை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., கரைய 2 மி.லி. திரவ சோப்பு சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். தண்டில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் இது எதுவும் நிலைக்காது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்புப் புற்றை முதலில் கண்டுபிடியுங்கள், சுவரிலோ பக்கத்துச் செடியிலோ சாய்ந்திருக்கும் கிளையை வெட்டி அதன் பாலத்தை உடையுங்கள்.

குண்டுமல்லியும் புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். தமிழ்நாட்டு மல்லித் தோட்டங்களில் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுவது வழக்கம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி, இரண்டுக்கும் 45 செ.மீ. இங்கே குளிர் துளிரைத் தாமதப்படுத்துவதால் குண்டுமல்லியை ஜனவரி வரை வைத்திருந்து வெட்டினாலும் நஷ்டமில்லை. வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். வெட்டியபின் தண்டில் மிஞ்சும் இலைகளையும் உருவிவிட்டால் துளிர் ஒரே சீராக வரும். நிழலில் மாட்டிக்கொண்ட மல்லி எவ்வளவு வெட்டினாலும் இலையாகவே போகும். அதற்கு வெயில் மறைக்கும் பக்கத்துச் செடியைத்தான் வெட்ட வேண்டும்.

அரளி விஷயத்தில் கண்டிப்பு தேவை. இலை, பூ, குச்சி, பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி போட்டு வெட்டுங்கள். வெட்டியதை எரித்தால் புகையும் விஷம். தெருவில் போட்டால் மாடு வாய் வைக்கும். காய்ந்த இலையும் கொல்லும். செடி என்னவோ முரட்டுச் செடிதான், முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் பத்துத் துளிர் விடும். அதில் நன்றாக வெளிநோக்கி வளரும் ஐந்தாறை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள்.

நந்தியாவட்டையும் முழு மொட்டையைத் தாங்கும். பால் அதிகம் வடியும், அலகில் ஒட்டிக் காய்ந்தால் கத்தரி இறுகும், அடிக்கடி துடையுங்கள்.

இட்லிப்பூவிடம் மட்டும் பொறுமை வேண்டும். மெதுவாக வளர்வது. ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனிக்கொத்தோடு இரண்டு கணு கீழே வெட்டுங்கள். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள். பெங்களூருவில் இட்லிப்பூ இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். உப்புச்சத்துள்ள போர்வெல் தண்ணீர் வருடக்கணக்கில் மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர்: 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இலையில் தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரும். முடிந்தபோதெல்லாம் மொட்டைமாடி மழைநீரை இதற்கு ஒதுக்குங்கள்.

காகிதப்பூவைக் கோடைப் பூ ஓய்ந்ததும் ஜூனில் ஒருமுறை நன்றாக இறக்கி, மழை ஓயும் சமயத்தில் நீண்ட சாட்டைகளின் நுனியை மட்டும் கிள்ளினால், வறண்ட மாதங்களில் முழுக்க மூடிப் பூக்கும். மழைக்காலத்தில் அது நீட்டும் சாட்டைகளில் பூ எதிர்பார்க்காதீர்கள். உரமும் தண்ணீரும் அதிகமானால் முள்ளும் இலையும்தான்.

டிசம்பர் பூ பூத்து முடிந்த பிப்ரவரியில், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மொத்தமாக அறுத்துவிடலாம். பவழமல்லியைப் பூ ஓய்ந்தபின் ஜனவரி, பிப்ரவரியில் வெட்டுங்கள். ஜூனுக்குப்பின் வெட்டினால் அந்த வருடப் பூ போய்விடும். ஊதாவாக மலர்ந்து, வெளிறி, வெள்ளையாகும் ‘நேற்று இன்று நாளை’ செடிக்கு, பூ முடிந்த கையோடு லேசான கவாத்து போதும். அதன் காயும் இலையும் நாய்க்கு விஷம் என்பதால் வெட்டியதைக் கொல்லையில் கிடக்க விடாதீர்கள்.

ரோஜாவுக்கு மட்டும் கணக்கு வேறு. மழை ஓயும் அக்டோபர் கடைசியில் பென்சில் தடிமனுக்குக் குறைந்ததை எல்லாம் எடுத்து, மீதியைப் பாதி உயரத்துக்கு வெட்டினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பூக்கும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் நீங்கள் வாங்கிய ரோஜா இல்லை, வேர்ச்செடி. அதைக் கத்தரியால் வெட்டினால் இரண்டாக வரும். மண்ணைத் தள்ளி, அது பிறக்கும் இடத்திலிருந்து பிய்த்தெடுங்கள்.

புதருக்குள் உன்னிச்செடி நுழைந்திருந்தால் கவாத்து வீண். மண்ணுக்குக் கீழே நாலைந்து செ.மீ. தோண்டி, தண்டும் வேரும் சேரும் தடித்த கட்டைக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, கட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். கட்டை மண்ணில் இருக்கும்வரை துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

வெட்டியபின்

இலை குறைந்துவிட்டது, வேர் அப்படியே இருக்கிறது. செடி இப்போது குடிப்பது குறைவு. பரிதாபப்பட்டு தினமும் தண்ணீர் ஊற்றுவதால் அழுகும் செடிகள், காய்ந்து போகும் செடிகளைவிட அதிகம். இரண்டு அங்குலம் தோண்டிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரமும் உடனே வேண்டாம். துளிர் ஒரு விரல் நீளம் வந்தபின், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், தூரிலிருந்து 30 செ.மீ. தள்ளி வட்டமாக ஒரு சாண் ஆழக் குழி எடுத்து, ஆளுயரச் செடி ஒன்றுக்கு மக்கிய தொழு உரம் 5 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 100 கிராம் போட்டு மூடுங்கள். மக்காத சாணம் செம்மண்ணில் கரையானைத்தான் கூப்பிடும்.

காய்ந்த இலையை எரிக்காதீர்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்திருக்கிறது. தவிர, அது உங்கள் செடிக்குத் தேவையான பொருள். நோயில்லாத, விஷமில்லாத இலையையும் மெல்லிய குச்சியையும் நறுக்கி 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும். மழை தொடங்கியதும் மூடாக்குக்கடியில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் பதுங்கும். இரவில் டார்ச் வைத்துக்கொண்டு, கையுறையோடு பொறுக்கி உப்புநீரில் போடுங்கள். வெறுங்கையால் தொடக்கூடாது, அவை மனிதருக்கு வரும் ஒட்டுண்ணியைச் சுமப்பவை.

இரண்டாவது மாதம்தான் பலரும் கோட்டை விடும் இடம். வெட்டிய ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஏழெட்டுத் துளிர் கிளம்பும். எல்லாவற்றையும் விட்டால் ஒரே வருடத்தில் பழைய புதர் திரும்பும். கட்டைக்கு இரண்டு அல்லது மூன்றை மட்டும், வெவ்வேறு திசை பார்ப்பதாக விட்டு, மற்றதைப் பிஞ்சிலேயே கையால் உரித்துவிடுங்கள். விட்டவை முக்கால் அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை பிரியும். செம்பருத்தியில் இந்த ஒரு கிள்ளலுக்குப்பின் வரும் கிளைகளில்தான் கையெட்டும் உயரத்தில் முதல் பூ வரும்.

ஜூனில் வெட்டிய செம்பருத்தி, நந்தியாவட்டைக் குச்சிகளில் பென்சில் தடிமனானவற்றை 15 முதல் 20 செ.மீ. துண்டுகளாக நறுக்கி வையுங்கள். அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்முனையைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நட மாட்டீர்கள். மேலே இரண்டு இலையை மட்டும் பாதியாக விட்டு, மணலும் தேங்காய்நார்த் தூளும் சமமாகக் கலந்த பையில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். முதல் துளிரைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். குச்சியில் சேர்த்து வைத்த சத்திலேயே அது வரும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தபின் இடம் மாற்றுங்கள்.